ஆட்டம் எங்கே இருக்கிறது?

டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர் மகன் சென்ற வாரம் போனில் புலம்பினான். அங்கே துப்பாக்கி வாங்குவது நமக்கு சைக்கிள் வாங்குவது மாதிரி. ஏஆர்-15 என்று ஒன்று வாங்கியிருக்கிறானாம். "மாமா, மேல் பாதியும் கீழ் பாதியும் ஒட்டவே இல்லை. ஆட்டினால் கடகடங்குது. நடுவில் வைக்க ஒரு ரப்பர் துண்டு விற்கிறான், வாங்கிட்டேன்" என்றான். காசு தண்டம் என்று சொன்னேன். எழுபது வயது தாண்டிய ரிட்டயர்ட் குமாஸ்தாவுக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று அவன் நினைத்திருப்பான். ஏன் சொன்னேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்தத் துப்பாக்கியின் உடம்பு இரண்டு பாதி. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை முன்னால் ஒரு ஆணி, பின்னால் ஒரு ஆணி. குழல் மேல் பாதியில் இருக்கிறது. குறி பார்க்கும் சாதனம் முன்னும் பின்னும் அதே மேல் பாதியில்தான். தோட்டாவை அடைத்துப் பூட்டும் போல்ட்டும் குழலின் அடிப்பாகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்கிறது. கீழ் பாதியில் விசை, தோட்டாப் பெட்டி, தோளில் வைக்கும் கட்டை, அவ்வளவுதான். ஆக, கீழே இருப்பது கொஞ்சம் ஆடினாலும் குழலுக்கும் குறிக்கும் உள்ள உறவு மாறுவதில்லை. கையில் பிடிக்கும்போது மனசுக்கு உறுத்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆணி போகும் துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால் அது வேறு கதை, தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். புதுத் துப்பாக்கியின் சின்னக் கடகடப்புக்கு ரப்பர் மருந்தில்லை. மாறாக, குழல் இறுக்கமாக இருக்கிறதா, குறிச் சாதனத்தின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும். குண்டு தவறுவதற்கு அங்கேதான் காரணம் இருக்கும்.

இதைச் சொன்னதும் ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு நண்பர் மறித்தார். போலீஸ் ஆயுதப் படையில் ஆர்மரராக இருந்தவர். "சார், எங்க எஸ்எல்ஆர்ல ஆட்டம் இருந்தா நாங்க சும்மா விட்டதே இல்லை" என்றார். அவர் சொல்வதும் சரிதான். 1962 சீனப் போருக்குப் பின் வங்காளத்தில் இஷாபூர் தொழிற்சாலையில் செய்த 1ஏ1 துப்பாக்கி அது, பெல்ஜியம் நாட்டு எஃப்ஏஎல் துப்பாக்கியின் வம்சம். அதுவும் இரண்டு பாதிதான். முன்னால் ஒரு கீல், பின்னால் ஒரு தாழ், பறவை சுடும் துப்பாக்கி மாதிரி மடக்கித் திறக்கலாம். ஆனால் அதில் முன் குறி குழலோடு இருக்க, பின் குறி கீழ் பாதியில் உட்கார்ந்திருக்கிறது. பாதிகள் ஆடினால் பின் குறியும் ஆடும். ஒரே இடத்தில் விழ வேண்டிய குண்டுகள் சிதறும். அதனால் அங்கே ஆட்டம் என்பது நோய். அதற்கும் ரப்பர் வைக்கவில்லை. தேய்ந்த ஆணியையோ தாழையோ மாற்றினோம் என்றார் நண்பர்.

ஒரே மாதிரி இரண்டு பாதி, ஒரே மாதிரி ஆட்டம். ஒன்றில் அலட்சியம் செய்யலாம், மற்றதில் கூடாது. எது எதோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று கேட்காமல் சத்தத்தை மட்டும் அடக்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். இயந்திரத்தில் வரும் இந்தத் தளர்வுக்குப் பிரெஞ்சில் 'ஜெ' என்பார்கள் (தமிழ் எழுத்தில் அந்த ஒலி சரியாக வராது). விளையாட்டுக்கும் அதே சொல்தான். நம் மெக்கானிக்குகள் 'ப்ளே இருக்கு' என்பதிலும் அதே இரட்டை அர்த்தம். தமிழில் ஆட்டம் என்றாலும் அப்படியே! மூன்று மொழிக்காரர்களும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தத் தளர்வு ஏன் வந்தது என்பதற்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம்தான் போக வேண்டும். ஓனோரே பிளான் என்ற துப்பாக்கித் தொழிலாளி. 1785-ல் அவருடைய பட்டறைக்குப் போன தாமஸ் ஜெஃபர்சன், பிரித்துப் போட்டிருந்த துப்பாக்கி விசைகளின் பாகங்களைக் கண்டபடி எடுத்துப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. அதை வியந்து ஊருக்குக் கடிதமும் எழுதினார். அதுவரை ஒவ்வொரு துப்பாக்கியையும் கொல்லர் அரத்தால் ராவி ராவி இழைத்துச் சேர்ப்பார். இறுக்கமாக இருக்கும், ஆனால் ஒரு பாகம் உடைந்தால் இன்னொன்றின் பாகம் சேராது. எந்தப் பாகமும் எதிலும் சேர வேண்டுமென்றால் மயிரிழை இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். என் மைத்துனர் மகன் கேட்கும் கடகடப்பு அந்த மயிரிழைதான்.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள். இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த கம்பெனி என்பதால் வந்த பெயர் அது. 'துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது' என்பதுதான் விளம்பர வாசகம். பெரும்பகுதி உற்பத்தி இப்போது ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. ஆனாலும் பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டுகள் காலடிப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இன்னும் ஓடுகின்றன.

அந்த என்ஜினின் கிராங்க் கேஸும் செங்குத்தாகப் பிளந்த இரண்டு பாதி. இது பிளானின் வழியில் வந்ததல்ல, பழைய கொல்லன் வழியில் வந்தது. இப்படிப்பட்ட என்ஜின்களில் இரண்டு பாதியையும் ஒன்றாக முடுக்கி வைத்தே பேரிங் துளையைக் குடைவார்கள். அது ஒரு ஜோடி. ஒரு பாதி உடைந்தால் காயலாங்கடையில் கிடைக்கும் இன்னொரு பாதியை வைத்து முடுக்குவது தவறு. போல்ட் முடுங்கிவிடும், துளைகள் நேர்கோட்டில் நிற்காது.

இணைப்பில் எண்ணெய் கசிந்தால் உடனே பேஸ்ட்டை அப்புகிறார்கள். வேண்டாம். 346 சிசி பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் உள்ளே இருக்கும் காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்று வெளியேற ப்ரீதர் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாத்தின் அலகு மாதிரி ஒரு சின்ன ரப்பர் வால்வு அதில் இருக்கும். அது வெடித்தாலோ, குழாய் அடைத்தாலோ, காற்று வேறு வழி தேடும். இணைப்பைப் பிளந்துகொண்டு எண்ணெயையும் தள்ளிக்கொண்டு வரும். ப்ரீதரைப் பார்க்காமல் பேஸ்ட் பூசினால், பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு எண்ணெய்ப் பாதையை அடைக்கலாம். எண்ணெய் போகாத என்ஜின் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரமும் அதோடு நிற்கும். எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் பேஸ்ட் டியூபோடு வண்டி அருகே உட்கார்ந்திருந்தபோது இதைத்தான் சொன்னேன். "தாத்தா, அந்த வால்வு எவ்வளவு இருக்கும்?" என்றான். பேஸ்ட்டை விட அதிகம் இருக்காதுப்பா, முதலில் குழாயைக் கழற்றி ஊதிப் பார் என்றேன்.