கடனா? கொடையா?

2001 செப்டம்பர் 11. நியூயார்க் தீயணைப்புப் படை வீரர் ஸ்டீபன் சில்லர் பணி முடித்துவிட்டு, தம் அண்ணன்மாரோடு கோல்ஃப் ஆடப் புறப்பட்டிருந்தார். உலக வணிக மையக் கோபுரத்தில் விமானம் மோதிய செய்தி வழியிலேயே அவர் காதில் விழுந்தது. பிறகு வந்து சேர்ந்துகொள்வதாக அண்ணன்மாரிடம் சொல்லிவிடும்படி மனைவிக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். புரூக்ளின்-பேட்டரி சுரங்கச் சாலை வண்டிகளுக்கு மூடப்பட்டிருந்தது. ஏறத்தாழ 27 கிலோ எடையுள்ள கருவிகளைச் சுமந்துகொண்டு, மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அச்சுரங்கத்தினூடே ஓடினார். ஓடியவர் திரும்பவில்லை. வயது 34. ஐந்து குழந்தைகளின் தந்தை. அன்று மாண்ட நியூயார்க் தீயணைப்பு வீரர்கள் 343 பேர்.

இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவர்கள் உடன்பிறந்தவர்களே. அவர்கள் அழுது ஓய்ந்துவிடாமல், அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை கண்டார்கள். 2002 முதல் செப்டம்பர் தோறும் அதே சுரங்கத்தின் வழியே மக்கள் ஓடுகிறார்கள். கோல்ஃப் போட்டிகளும் நடக்கின்றன. கடமையில் உயிர்நீத்த தீயணைப்பாளர், காவலர் ஆகியோரின் இளம் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் அடைக்கப்படுகிறது.

இத்தகைய நினைவுப் போட்டிகள் இன்று அமெரிக்கச் சிற்றூர்களிலும் பரவலாக நடக்கின்றன. நால்வர் ஓர் அணி, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், 18 குழிகள், குழிதோறும் நன்கொடை தந்த வணிகரின் பெயர்ப்பலகை, முடிவில் விருந்தும் ஏலமும். அடி பிசகினால் பணம் கட்டி மறு அடி வாங்கிக்கொள்ளலாமாம்! (தேர்வுக்கும் அந்த வசதி இருந்தால் நம்மில் பலர் கடனாளியாகியிருப்போம்.) மிஞ்சும் தொகை ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கோ, அவசர மருத்துவ ஊர்திக்கோ போகிறது. அந்நாட்டுத் தீயணைப்பாளரில் பாதிக்கு மேற்பட்டோர் தொண்டர்கள் என்பதை நினைத்தால், இந்தப் பணத்தின் அருமை விளங்கும்.

கோல்ஃப் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை. பணக்காரர் ஆட்டம் என்ற முகச்சுளிப்பு எனக்கும் இருந்தது. இறந்தவர் நினைவில் விளையாட்டா என்றும் தோன்றிற்று. ஆனால் நாம் படையலில் வைப்பதும் போனவருக்குப் பிடித்த பண்டத்தைத்தானே! ஆகவே அதில் பிழை காண மாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. பெயர் பரவிய வீரனுக்கு ஓட்டமும் ஆட்டமும் உண்டு. உற்றார் சிலரே உள்ள ஒருவன் மாண்டால், அவன் வீட்டுக்காக யார் மட்டை பிடிப்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டினால் ஓர் ஊரின் தீயணைப்புக் கருவி தள்ளிப்போவதா? அன்பினால் ஒரு குடும்பம் கொடுப்பது கொடை. நெருப்புக்குள் தன் ஆளை அனுப்பும் அரசு கொடுக்க வேண்டியது கடன். கொடை பெருகுவதைக் கண்டு கடன்காரன் நழுவிவிடக் கூடாது.

நழுவத்தான் பார்த்தார்கள். கோபுரங்கள் இடிந்த புழுதியைச் சுவாசித்து நோயுற்ற மீட்புப் பணியாளருக்கு மருத்துவமும் இழப்பீடும் தரும் சாட்ரோகா சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 2010 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. ஒன்பது ஆண்டுகள்! அதற்கும் காலக்கெடு வைத்தார்கள். கெடு நெருங்கும்போதெல்லாம் நோயாளிகளே வாஷிங்டன் சென்று வாதாட நேர்ந்தது. 2019 ஜூன் 11 அன்று, முன்னாள் துப்பறியும் காவலர் லூயிஸ் அல்வாரெஸ், புற்றுநோயால் மெலிந்த உடலோடு நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்து, தமக்காக மட்டுமன்றித் தம் தோழர்களுக்காகவும் பேசினார். இழப்பீட்டு நிதிக்கு விண்ணப்பிக்கும் கெடுவை 2090 வரை நீட்டிக்கும் சட்டம் ஜூலை 29 அன்று கையெழுத்தாயிற்று. அல்வாரெஸ் ஜூன் 29 அன்றே இறந்துவிட்டார்.