பூட்டிய வீட்டுக்கும் மூச்சு வேண்டும்

நம்மூர் நண்பர்கள் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறோம். அப்படிப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் தவறு வேறு யாருக்கும் நேரக்கூடாது.

என் மகன் ஸ்த்ராஸ்பூருக்குப் பக்கத்தில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறான். அந்த வீட்டில் எந்தச் சந்தும் கிடையாது. கதவைச் சாத்தினால் வெளியே காற்று அடிப்பதுகூடக் காதில் விழாது. மூச்சு விட என்ன வழி என்று கேட்டேன். ‘செலியே’ எனப்படும் சாமான் அறைக்கு அழைத்துப் போய் ஒரு வெள்ளைப் பெட்டியைக் காட்டினான். வே.எம்.சே. தூப்ளு ஃப்ளூ. தமிழில் இரட்டைப் போக்குக் காற்றோட்டம் என்று சொல்லலாம்.

அதன் வேலை எளிதுதான். சமையலறை, குளியலறை, கழிப்பறை இவற்றின் ஈரக் காற்றை ஒரு விசிறி வெளியே தள்ளுகிறது. இன்னொரு விசிறி வெளிக்காற்றைப் படுக்கையறைகளுக்கும் கூடத்துக்கும் கொண்டுவருகிறது. இரண்டும் நடுவில் மெல்லிய தகடுகளுக்கு இரு பக்கமாகக் கடந்து போகின்றன. சூடான பால் சொம்பைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்தால் பாலும் தண்ணீரும் கலக்காது, சூடு மட்டும் தண்ணீருக்குப் போகும் அல்லவா? அது போலத்தான். போகிற காற்று தன் சூட்டில் பெரும்பகுதியை வருகிற காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது.

மூன்று வருஷத்துக்கு முன் பிப்ரவரி மாதம், பள்ளி விடுமுறை. எல்லோரும் பத்து நாள் சார்செலில் இருக்கும் என் மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். மகன் சூடேற்றியை 12 டிகிரிக்குக் குறைத்தான். காற்றுப் பெட்டியையும் ‘ஆள் இல்லை’ என்ற மெதுவான நிலையில் வைத்தான். எல்லோரும் காரில் ஏறிய பிறகு, கடைசியாகக் கதவைப் பூட்ட நான் உள்ளே போனேன். செலியேயில் ‘ம்ம்ம்’ என்று சத்தம் கேட்டது. ஆளில்லாத வீட்டில் எதற்கு விசிறி?

நாற்பது வருஷம் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கடைசியாகக் கிளம்புகிறவன் விளக்கு, விசிறி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம். புதுச்சேரியில் ஊருக்குப் போகும்போது மெயினையே இறக்கிவிட்டுத்தான் போவோம். பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால் சுவிட்சு பெட்டியில் எழுதியிருந்ததைப் படிக்கவும் முடிந்தது. வே.எம்.சே. என்று போட்டிருந்த சுவிட்சைக் கீழே தட்டினேன். படிக்கத் தெரிந்ததே வினையாயிற்று.

பத்து நாள் கழித்துத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் ஈரத்துணி வாடை. “ஏங்க, மழைக்காலத்துல பீரோவைத் திறந்த மாதிரி இருக்கே!” என்றாள் என் மனைவி. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. மருமகள் காயப்போட்டுவிட்டுப் போன துணிகள் இன்னும் நமுத்தபடி கிடந்தன. துணியிலும் குளியலறையிலும் இருந்த ஈரம் போக வழியில்லாமல், குளிர்ந்த சுவர்களில் போய்ப் படிந்திருக்கிறது. பேத்தியின் அறையில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம்.

பேத்திக்கு அப்போது ஆறு வயது. குளிர்காலத்தில் இழுப்பு வரும். அந்த வாரமும் வந்தது. பூஞ்சணத்தால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவள் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறியதைப் பார்த்தபோது என் மனசு சொல்லிவிட்டது.

மகன் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்பா, நிறுத்தினதுல எவ்வளவு மிச்சம்னு நீங்களே கணக்குப் போடுங்க” என்றான். போட்டேன். வழக்கமான வேகத்தில் அந்தப் பெட்டி 45 வாட் எடுக்கிறது, மெதுவான நிலையில் 15 வாட். பத்து நாளுக்கு முன்னது 10.8 யூனிட், பின்னது 3.6 யூனிட். யூனிட் சுமார் 20 சென்ட் என்று வைத்தால், வேகத்தைக் குறைத்ததிலேயே மகன் 1 யூரோ 44 சென்ட் மிச்சம் பிடித்துவிட்டான். அதற்கு மேல் நான் மிச்சம் பிடித்தது 72 சென்ட். அதற்காகப் பேத்தியின் அறைச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தோம்.

அதற்காக ஆளில்லாத வீட்டில் பெட்டியை முழு வேகத்தில் ஓடவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் வீண்தான். உள்ளே 20 டிகிரி, வெளியே 5 டிகிரி என்றால், மணிக்கு 100 கன மீட்டர் காற்றைச் சூடாக்கச் சுமார் 510 வாட் வேண்டும். பெட்டி நூற்றுக்கு எண்பது பங்கை மீட்டுக் கொடுத்தாலும் 100 வாட் போய்க்கொண்டேதான் இருக்கும். காற்றைப் பாதியாக்கினால் இந்த இழப்பும் பாதி. வீட்டுச் சூட்டை 12 டிகிரிக்கு இறக்கினால் இன்னும் குறையும். மூச்சுவிட, சமைக்க, குளிக்க ஆள் இல்லாதபோது அத்தனை காற்று தேவையும் இல்லை. ஆகவே குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. இதுதான் என் கட்சி.

குமாஸ்தா புத்தி, அரசாணை என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பிரான்சில் 1982 மார்ச் 24 தேதியிட்ட ஆணை, வீட்டின் காற்றோட்டம் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்கிறது. 4 முதன்மை அறைகள் உள்ள வீட்டில், ஆள் கையால் குறைத்தாலும் வெளியேறும் காற்று மொத்தம் மணிக்கு 90 கன மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. ஈரமும் மாசும் தேங்காதபடி தானாகவே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயந்திரமானால் 20 வரை இறங்கலாம். பூஜ்யம் என்ற எண் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. இதைப் போவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

இப்போது நான் அங்கே போனால் செய்வது இவ்வளவுதான். கிளம்பும் முதல் நாளே துணிகளை நன்றாகக் காயவைத்துவிடச் சொல்வேன். கடைசிக் குளியலுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பெட்டியை வேகமாக ஓடவிட்டு, அப்புறம் மெதுவான நிலைக்கு மாற்றச் சொல்வேன். இரண்டு விசிறிகளும் சேர்ந்தே குறைய வேண்டும். குளிர்கிறது என்று எந்தக் காற்றுத் துளையையும் துணி வைத்து அடைக்க மாட்டேன். வடிகட்டி அழுக்காக இருந்தால் மகனிடம் சொல்வேன். சுவிட்சு பெட்டியின் கதவைத் தொடமாட்டேன்.

நம் தெருவிலும் பூட்டிய வீடுகள் உண்டு. வீட்டுக்காரர்கள் பிரான்சில். வருஷத்துக்கு ஒரு முறை வந்து திறக்கும்போது என்ன வாடை வீசும் என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஊருக்குப் போகிறவர்கள் எதிர் வீட்டு அம்மாளிடம் சாவியைக் கொடுத்து, “வெள்ளிக்கிழமை ஒரு தரம் ஜன்னலைத் திறந்து வையுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மகன் வீட்டில் அந்த அம்மாள் வேலையைப் பதினைந்து வாட்டில் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தது. அதைத்தான் நான் நிறுத்திவிட்டுப் போனேன்.

பேத்திக்கு இப்போது ஒன்பது வயது. போனில் பேசும்போது, “தாத்தா, இந்த வருஷம் வருவீங்களா? சுவிட்சைத் தொடக்கூடாது, சரியா?” என்கிறாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.