புள்ளிக்கு மட்டுமா ஈமோகுளோபின்?



உயர்தர உயிரியல் வகுப்பில் இந்த வாரம் புரதம். ஈமோகுளோபினின் கட்டமைப்பைக் கேட்டோம். "நாலு சங்கிலி சேர், ரெண்டு அல்பா, ரெண்டு பீட்டா" என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். "அப்போ தலசீமியா உள்ள பிள்ளைக்கு ஏன் மாதாமாதம் இரத்தம் ஏத்துறாங்க?" என்றோம். வகுப்பே அமைதி.

பிழை பிள்ளைகளில் இல்லை. கட்டமைப்பை ஒரு குறிப்பாகவும் தொழிலை இன்னொரு குறிப்பாகவும் பிரித்துக் கொடுத்தது நாங்கள்தான். கடந்தகால வினாத்தாளில் வந்ததை அடையாளமிட்டோம், அதோடு விட்டுவிட்டோம்.

அடுத்த நாள் மணியும் நூலும் கொண்டு போனோம். பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வலீன் வந்தால், ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செங்குழியம் அரிவாள் போல் வளைகிறது. தலசீமியாவில் நடப்பது வேறு. பீட்டா சங்கிலி போதியளவு உருவாவதில்லை. சோடி கிடைக்காத அல்பா சங்கிலிகள் கலத்துக்குள் படிந்து அதைச் சிதைக்கின்றன. அதனால்தான் இரத்தம் ஏற்றுகிறார்கள். அந்த இரத்தத்தோடு வரும் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் சேர்கிறது. அதை வெளியேற்ற இன்னொரு மருந்து.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "நாலில் ஒண்டு எண்டா, முதல் பிள்ளைக்கு வந்திட்டா மற்ற மூண்டுக்கும் வராதுதானே சேர்?"

ஊரில் பலர் நம்புவதும் இதைத்தான். அப்படியல்ல. தாயும் தகப்பனும் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 வீத வாய்ப்பு புதிதாகவே இருக்கிறது.

காவி என்பவர் நோயாளி அல்ல. பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது, சோதித்தால்தான் தெரியும். இரண்டு காவிகள் சேரும்போதுதான் ஆபத்து. ஆனால் நாம் நிக்காஹ் பேசும்போது வீடு, நகை, தொழில் எல்லாம் கேட்கிறோம், இரத்தத்தைக் கேட்பதில்லை. கேட்டால் "பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்" என்று பயம். சம்பந்தம் பேசத் தொடங்கிய பிறகு கேட்டால் அந்தப் பயம் நியாயம்தான். ஆகவே அதற்கு முன்பே, மகனுக்கும் மகளுக்கும் சோதித்து வைத்துக்கொள்வோம். சொந்தத்துக்குள் முடிக்கும் குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குருநாகலில் இதற்கென்றே தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது.

சக ஆசிரியர்களே, ஒவ்வொரு கட்டமைப்புக்கும் ஒரு "ஏன்" கேட்போம். ஏ எடுக்காத பிள்ளையும் ஒருநாள் தாயாகவோ தகப்பனாகவோ ஆகும். அன்றைக்கு இந்தப் பாடம் அவர்களுக்குக் கைகொடுக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.