சும்மா ஓடும் மின்சாரம்

கல்யாணப் பந்தலில் மைக்கின் முன் ஒருவர் மெல்லப் பேசுகிறார். தெருக்கோடி வரையில் அக்குரல் கணீரென்று கேட்கிறது. நடுவே உள்ள ஆம்ப்ளிபயர் என்னும் பெருக்கி, சிறிய ஒலியையே இழுத்துப் பெரிதாக்குகிறது என்று அநேகர் எண்ணியிருக்கிறார்கள். உண்மை அதுவன்று. இல்லாத சக்தியை எந்த யந்திரமும் உண்டாக்குவதில்லை.

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கி இறக்க ஒரு மனிதனின் கைப்பலம் போதும். பாய்ந்து வருவதோ ஏரித் தண்ணீர். மைக்கிலிருந்து வரும் சிறு மின்னசைவு அந்தக் கை; பாட்டரியோ வீட்டு மின்சாரமோதான் ஏரி. 1906-ல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அமைத்த வால்வும், 1947-ல் பெல் ஆராய்ச்சிசாலையில் பிறந்த டிரான்ஸிஸ்டரும் இத்தகைய மதகுகளே.

ஒலியலை ஏறும், இறங்கும். ஏறும்போது மதகை மேலும் திறக்கலாம். இறங்கும்போது, மூடிக் கிடக்கும் மதகை இன்னும் எப்படி மூடுவது? ஆகையால் மதகை எப்பொழுதும் பாதி திறந்தே வைத்தார்கள். இதற்கு 'ஏ வகுப்பு' என்று பெயர். ஒலி தெளிவாக இருக்கும். ஆனால் யாரும் பேசாத வேளையிலும் மின்சாரம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். முழு ஓசையிலும் நூற்றுக்கு 50 பங்குக்கு மேல் ஸ்பீக்கரைச் சேராது. மௌனத்திலோ அவ்வளவும் வெறும் சூடு.

இதற்குப் பரிகாரமாக இரண்டு மதகுகளை வைத்து, ஏற்றத்தை ஒன்றும் இறக்கத்தை மற்றொன்றும் கவனிக்கச் செய்தார்கள். இந்தப் 'பி வகுப்பில்' 78.5 பங்கு வரை பயன் பெறலாம். ஆனால் ஒன்று விட்டு மற்றொன்று பற்றும் கணத்தில் ஒலி கரகரக்கும். அதனால் இரண்டிலும் மெல்லிய கசிவு ஒன்றை விட்டுவைப்பது வழக்கமாயிற்று.

சிக்கனம் இப்படியிருக்க, வேகம் என்பது வேறொரு தொல்லை. பெருக்கிக்குள் கண்டென்ஸர் என்னும் சிறு மின்குடம் ஒன்று உண்டு. குரல் துரிதமாக மாறும்போதெல்லாம் அது நிரம்பி வடிய வேண்டும். குழாயில் வரும் நீர் குறைவானால் குடம் நிரம்பத் தாமதமாகும் அல்லவா? 1968-ல் வெளிவந்து உலகெங்கும் பரவிய '741' என்னும் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் குடம் ஒரு மைக்ரோ செகண்டில் அரை வோல்ட் அளவுதான் ஏறும். பத்து வோல்ட் உச்சமுள்ள அலையை நொடிக்கு ஏறக்குறைய 8,000 அதிர்வுக்கு மேல் அதனால் பின்தொடர முடியாது. மனிதச் செவியோ 20,000 வரை கேட்கவல்லது.

"குடத்தையே எடுத்துவிட்டால் என்ன, ஸார்?" என்று வகுப்பில் பையன்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஸ்பீக்கரின் ஒலி மைக்கில் மீண்டும் புகுந்தால் பந்தலே அலறுகிறதல்லவா? பெருக்கிக்குள்ளும் முடிவிலிருந்து ஒரு பங்கைத் தொடக்கத்திற்குத் திருப்பி, பிழை திருத்துகிறார்கள். திரும்புவது காலந்தவறி வந்து சேர்ந்தால், திருத்தம் அலறலாகிவிடும். அதைத் தடுக்கவே குடம். சரி, குழாயை எப்பொழுதும் பெரிதாகத் திறந்து வைக்கலாமென்றால், வேகம் வரும். சூடும் செலவும் கூடவே வரும்.

இவ்விரண்டு சங்கடத்திற்கும் நடுவே ஒரு வழி உண்டு. தேர் சமதரையில் ஓடும்போது வழக்கமான ஆட்களே இழுக்கிறார்கள்; சக்கரம் பதிந்த இடத்தில் மட்டும் வேடிக்கை பார்ப்பவர்களும் வடம் பிடிக்கிறார்கள். 1936-ல் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த வில்லியம் டோஹர்ட்டி, ரேடியோ ஒலிபரப்புப் பெருக்கியில் இதைச் செய்து காட்டினார். சாதாரண வேளையில் ஒரு வால்வு வேலை செய்யும். அலை உச்சிக்கு ஏறும்போது மட்டும் இரண்டாவது விழித்துக் கை கொடுக்கும். பயன் நூற்றுக்கு 60 முதல் 65 வரை உயர்ந்தது. இன்றைய கைப்பேசிக் கோபுரங்களிலும் அவருடைய முறை வழங்குகிறது. வேகத்திற்கும் இவ்வாறே ஒரு யுக்தி பிறந்தது. அலை மெதுவாக மாறும்போது சிறு ஓட்டமும், துள்ளும் கணத்தில் மட்டும் பெரிய ஓட்டமும் தானாகவே பாயும் பெருக்கியை ஐரோப்பியப் பொறியாளர் நால்வர் 1982-ல் வெளியிட்டார்கள்.

இவையெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம் வீட்டுப் பாட்டியின் காதிலிருக்கும் கேட்கும் கருவியைப் பாருங்கள். அதற்குள்ளும் ஒரு பெருக்கி இருக்கிறது. அதன் ஏரியோ கடலைப்பருப்பு அளவான ஒரு பாட்டரி. 150 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரியில் கருவி ஒரு மில்லி ஆம்பியர் இழுத்தால் 150 மணி ஓடும். அரை இழுத்தால் 300 மணி. பாட்டிக்கு அது ஒரு வாரப் பேச்சுக்கும் இரண்டு வாரப் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம். பேரன் பேசாத நேரத்திலும் வீணாக ஓடும் மின்சாரம், அவன் பேசும் நேரத்திற்கு இல்லாமற் போகிறது.

ஆகவே ஒரு பெருக்கியை வாங்கும்போது எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்பதை மட்டும் பாராமல், ஒன்றும் ஒலிக்காதபோது அதன் மேல் கை வைத்தும் பாருங்கள். மௌனத்தில் அது எவ்வளவு சுடுகிறதோ, அவ்வளவுக்கு நாம் வீணாகப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.