அருகே கேளாத குரல்



நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் சிற்றலை வானொலியைத் திருப்பி, மணிலாவிலிருந்து வரும் வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தேடிப் பிடிப்பது வழக்கமாயிருந்தது. குரல் கடலலை போல எழும், தாழும். முள்ளை மயிரிழை நகர்த்தினால் வேறொரு நாட்டின் பாட்டு வந்து குறுக்கிடும். பக்கத்து மாவட்டத்துச் செய்தியை நாம் மறுநாள் நாளிதழில்தான் அறிவோம். கடல் கடந்த மணிலாவின் குரலோ நம் திண்ணையிலேயே ஒலிக்கும். வேரித்தாஸ் சிற்றலையை விட்டு இணையத்திற்குச் சென்று ஆண்டுகள் சில ஆகின்றன. எனினும் அந்தப் பழைய அனுபவம் உள்ளவர்களுக்கு, இம்மாதம் நாம் சொல்லப் புகுந்த செய்தி எளிதில் விளங்கும்.

வட அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்குக் கோடியில் அலாஸ்கா இருக்கிறது. அதனை அடுத்துக் கிழக்கே கனடாவைச் சேர்ந்த யூக்கான் பிரதேசம். யூக்கானின் பரப்பு சுமார் 4,82,000 சதுர கிலோமீட்டர். தமிழகத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மிகுதி. அங்குள்ள மக்களோ ஏறத்தாழ 45,000 பேரே. அவர்களிலும் பெரும்பாலோர் வைட்ஹார்ஸ் என்னும் ஒரே நகரில் வாழ்கின்றனர். எஞ்சிய நிலமெல்லாம் ஊசியிலைக் காடும் பனியும் ஆறுகளும்தாம். இத்தகைய வனாந்தரத்தில், சாலையும் மின்கம்பியும் எட்டாத மரக்குடில்களில் ஆண்டு முழுவதும் குடியிருப்போர் சிலர் உளர். கண்ணி வைத்து விலங்கு பிடிப்போர், ஆற்று மணலில் பொன் அரிப்போர், நகரத்து இரைச்சலை வெறுத்துச் சென்றோர் எனப் பலதரப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுள் சிலருடைய குடிலில் ஒரு மூலையில் அமெச்சூர் வானொலிக் கருவி இருக்கும். தேர்வு எழுதி அரசாங்க உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக் குறியுடன், ஊதியம் எதுவுமின்றி உலகத்தாரோடு வானொலி வழியே உரையாடுகின்றவர்களை ‘ஹாம்’கள் என்பர்.

இக்கலையை அங்கே நடத்துவது எளிதன்று. மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஃபேர்பேங்க்ஸ் நகரின் அட்சரேகையில், டிசம்பர் மாதத்துக் குறுகிய நாளில் சூரியன் நான்கு மணி நேரங்கூட வானில் நிற்பதில்லை; நின்றாலும் மரங்களின் தலைக்கு மேல் எழுவதில்லை. ஆகவே கோடையில் வாரி வழங்கிய சூரிய மின்தகடு குளிர்காலத்தில் பெரும்பாலும் அலங்காரப் பொருளே. சிறு ஜெனரேட்டரை ஓட்டி பாட்டரியை நிரப்பவேண்டும். அதற்கான பெட்ரோலோ விமானத்திலோ பனிச்சறுக்கு வண்டியிலோ வந்தாக வேண்டும். சக்தி இழந்த ஈயப் பாட்டரி, சுழிக்குக் கீழே எட்டுப் பத்து டிகிரியிலேயே உள்ளே உறைந்து வெடிப்புக் காணும். புதுவகை லித்தியம் பாட்டரிக்கோ உறைநிலைக்குக் கீழே மின்சாரம் ஏற்றினால் கேடு. எனவே குழந்தையைப் போல அதனைக் குடிலுக்குள்ளேயே, அடுப்பின் வெதுவெதுப்பு எட்டும் இடத்தில் வைத்துக் காக்கின்றனர். நூறு வாட் சக்தியில் பேசினால் பாட்டரி விரைவில் சோர்ந்துவிடும். ஐந்து வாட்டில் மோர்ஸ் குறிகளைத் தட்டினால் பல மாலைகளுக்குத் தாங்கும். ஐந்து வாட் என்பது ஒரு சிறு இரவு விளக்கின் சக்தி. அதைக்கொண்டு ஜப்பானோடு பேசிவிடுகின்றனர் என்றால் வியப்பன்றோ!

ஏரியலுக்கு மரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காற்றில் மரம் அசையும்போது கம்பி அறுந்துபோகும். அதனால் ஒரு முனையைக் கப்பி வழியே செலுத்தி, கல்லைக் கட்டித் தொங்கவிடுகின்றனர். மரம் ஆடினால் கல் ஏறி இறங்கும். உறைந்த நிலம் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாதபடியால், தரைக்கம்பிகளைப் பனியின்மீதே விரித்துவிடுகின்றனர். உலர்ந்த பனித்தூள் கம்பியில் மோதும்போது எழும் சீறல் காதைத் துளைக்கும் என்பர்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாக அவர்கள் பெறுவது யாது? அமைதி. நகரில் வாழும் வானொலியாளனுக்கு மின்விளக்கு, தொலைக்காட்சி, மோட்டார் ஆகிய அனைத்தும் இரைச்சலைப் பெய்கின்றன. மின்கம்பியே இல்லாத காட்டிலோ, மிக மெல்லிய குறிகூடத் துலக்கமாகக் கேட்கும். தம் மின்தகட்டுக் கருவி எழுப்பும் சிறு முணுமுணுப்பையும் பொறாமல், செவிமடுக்கும் நேரத்தில் அதனை அணைத்துவிடுவோரும் உளர். தனியே வாழ்கின்றவன் ஓயாது பேசத்தான் விரும்புவான் என்று நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் அவன் பெரும்பொழுதும் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆண்டுதோறும் நவம்பரில் வட அமெரிக்க ஹாம்களுக்கு ஒரு பெரும் போட்டி நடைபெறும். அதில் எல்லாப் பகுதிகளோடும் தொடர்பு கொள்ள விழைவோர்க்குக் கனடாவின் வடபுலத்திலிருந்து ஒரு குரல் கிடைத்தாக வேண்டும். அவ்வேளையில் அண்டை வீட்டாரே இல்லாத அம்மனிதனை நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூவி அழைக்கின்றனர்!

ஆயினும் விந்தை ஒன்று உண்டு. சிற்றலை மேலே சென்று, சில நூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் விழுகிறது. இடையிலுள்ள ஊர்களை அது தாண்டிப் போய்விடும். அதனால் ஜப்பானில் கேட்கும் குரல், நூற்றைம்பது கிலோமீட்டரில் இருக்கும் மருத்துவருக்குக் கேளாது போகலாம். இதற்காகவே கம்பியைத் தாழக் கட்டி, நீண்ட அலையில், செங்குத்தாக வானை நோக்கி அனுப்புகின்றனர். அது நீரூற்றுப் போலச் சுற்றுப்புறத்திலேயே விழும். மாலைகளில் இவ்வாறு பலர் ஒரே அலையில் கூடி, ஒருவர் பின் ஒருவராகத் தம் குறியைச் சொல்லிக்கொள்கின்றனர். பேச்சு பெரும்பாலும் தட்பவெப்பமும் விறகும் கடமானும்தான். வழக்கமாக வரும் ஒரு குறி இரண்டு மூன்று மாலைகள் வராவிடில், அனைவரும் கவலை கொள்வர். வடதுருவ ஒளி வானில் நடமாடும் சில நாட்களில் எவர் குரலும் எவருக்கும் எட்டாது; அப்போது கவலைப்படவும் வழியில்லை, காத்திருப்பதே வேலை. 1964 மார்ச் 27, பெரிய வெள்ளிக்கிழமை மாலை, அலாஸ்காவைப் பெரும் பூகம்பம் தாக்கித் தொலைபேசிகள் ஓய்ந்தபோது, வெளியுலகிற்குச் செய்தி கொண்டு சென்றவர்களுள் இந்த ஹாம்கள் முக்கியமானவர்கள். இன்றும் அம்மாநிலத்தில் ஆபத்துக் கால அழைப்புக்கென 5167.5 கிலோஹெர்ட்ஸ் அலைவெண் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. செயற்கைக்கோள் இணையம் அக்காட்டிற்கும் வந்துவிட்டது என்பது மெய்யே. ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும்; மாலைக் கூட்டத்தை அது இன்னும் கலைத்துவிடவில்லை.

இது வெறும் பொழுதுபோக்கே என்று சொல்வோர்க்கு, வடதுருவத்தையே சார்ந்த மற்றொரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 1928இல் இத்தாலியரான உம்பெர்த்தோ நொபிலே ‘இத்தாலியா’ என்னும் வான்கப்பலில் துருவத்திற்குச் சென்றார். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தம்மிடம் ஒப்படைத்திருந்த மரச்சிலுவையை மே 24இல் அங்கே பனியின்மீது இறக்கினார். மறுநாள் திரும்பும் வழியில் வான்கப்பல் பனிக்கட்டிமேல் மோதி நொறுங்கியது. உயிர் பிழைத்தோர் ஒரு சிவந்த கூடாரத்தில் ஒடுங்கியிருக்க, ஜுசேப்பே பியாஜி என்பவர் சிறு சிற்றலைக் கருவியால் அபாயக் குறியை நாள்தோறும் அனுப்பினார். சில நூறு கிலோமீட்டரில் நங்கூரமிட்டிருந்த அவர்களுடைய சொந்தக் கப்பலுக்கு அது கேட்கவில்லை. அலை தாண்டிப் போனது ஒரு காரணம். கப்பலில் இருந்தோர் கவனித்துக் கேட்கவில்லை என்பதும் அந்நாளில் எழுந்த குறை.

ஜூன் 3ஆம் நாள், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ருஷ்ய நாட்டு வோஸ்னெசென்யே-வோக்மா என்னும் சிற்றூரில், நிக்கொலாய் ஷ்மித் என்ற இளைஞர் தாமே கட்டிய கருவியில் அந்தத் துண்டுக் குறிகளைக் கேட்டார். வோஸ்னெசென்யே என்றால் அம்மொழியில் ஆண்டவரின் விண்ணேற்பு எனப் பொருள். உடனே மாஸ்கோவிற்குத் தந்தி பறந்தது. ஜூலை 12இல் ‘கிராசின்’ என்னும் பனி உடைக்கும் கப்பல் கூடாரத்தை அடைந்தது. புறப்பட்ட பதினாறு பேரில் எண்மர் உயிரோடு வீடு திரும்பினர்.

ஷ்மித் சில நாட்கள் நாடு முழுவதும் புகழப்பட்டார். பிறகு, 1942இல், அவருடைய நாட்டு அரசே அவர்மீது குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்றது. அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே.