இழப்பீடு வந்தபின் வண்டி யாருடையது?

காப்பீட்டுத் தொகை கணக்கில் வரவானதும், சேதமடைந்த வண்டியின் கதை முடிந்ததென்றே பலரும் எண்ணுகின்றனர். மும்பைக் கிளையொன்றில் நாம் பணியாற்றியபோது, வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு இழப்பீடு பெற்று, கடனையும் அடைத்துவிட்ட வாடிக்கையாளர் ஒருவர் ஓராண்டு கழித்து ஓர் அறிவிப்புக் கடிதத்துடன் வந்தார். அவர் மறந்தே போன அந்தக் கார், செப்பனிடப்பட்டு வேறோர் ஊரில் ஒருவர்மீது மோதியிருந்தது. பதிவுச் சான்றிதழிலோ இன்னும் அவர் பெயரே இருந்தது.

மீட்புச் செலவும் பழுதுநீக்கும் செலவும் சேர்ந்து, ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைக் கடந்தால், அது முழு இழப்பாகக் கொள்ளப்படும். காப்பீட்டின் நோக்கம் இழப்பை ஈடுசெய்வதே, இலாபம் தருவதன்று. எனவே முழுத் தொகையையும் எஞ்சிய வண்டியையும் ஒருவரே வைத்துக்கொள்ள இயலாது.

ஐ.டி.வி. 6,00,000 ரூபாய், சேதமடைந்த வண்டியின் விலை 1,50,000 ரூபாய், கடன் நிலுவை 4,20,000 ரூபாய் என்று கொள்வோம். வண்டியை ஒப்படைத்தால் 6,00,000 ரூபாய் கிடைக்கும். தாமே வைத்துக்கொண்டால் 4,50,000 ரூபாய் கிடைக்கும். இரண்டிலும் கட்டாயக் கழிவு உண்டு. கடன் வாங்கிய வண்டியாதலால் முதலில் வங்கியின் நிலுவை தீரும், மிகுதியே உரிமையாளருக்கு. ஐ.டி.வி. ஆண்டுதோறும் குறையும் என்பதால் சிலவேளை நிலுவை அதனையும் மிஞ்சிவிடும். அந்தப் பற்றாக்குறையைக் கடன் பெற்றவரே செலுத்தவேண்டும்.

பணக்கணக்கு இவ்வளவே. பெயர்க்கணக்கில்தான் பிழை நேர்கிறது. காப்பீட்டு நிறுவனம் காட்டும் ஏலதாரரிடம், நிரப்பப்படாத 29, 30ஆம் படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறோம். ஆவணத்துடன் கூடிய சிதைந்த வண்டிக்கு ஆவணமற்றதைவிட விலை அதிகம். நேர்மையானவர் அதனைச் செப்பனிட்டு ஓட்டுவார். மற்றவரோ அதன் சேஸிஸ் எண்ணைத் திருட்டு வண்டிக்குப் பொருத்துவார். இருவருமே பெயரை மாற்றாதவரை பொறுப்பு நம்முடையதே. விபத்து நாளில் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

இதில் வங்கியாளராகிய நமக்கும் பங்குண்டு. நிலுவை வந்ததும் 35ஆம் படிவத்தை வழங்கிக் கோப்பை மூடிவிடுகிறோம். அந்தப் படிவம் வங்கியின் உரிமையை நீக்குமேயன்றி வாடிக்கையாளரின் பொறுப்பை நீக்காது. இதனை அன்றே எடுத்துரைப்பது நம் கடமை.

ஓடவே இயலாத வண்டியின் பதிவை நீக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு 14 நாள்களுக்குள் தகவல் தரச் சொல்கிறது. செப்பனிடக்கூடியதெனில், வாங்குபவரின் பெயரையும் தேதியையும் எழுதியபின்னரே படிவங்களில் கையொப்பமிடுக. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தாமே தகவல் தந்து, பெயர் மாறியதை உறுதிசெய்துகொள்க. ஒப்படைப்புச் சீட்டின் நகலைப் பேணிக் காக்க.

நம் கருத்தில், பதிவு நீக்கமோ பெயர் மாற்றமோ முடியாமல் முழு இழப்பு வண்டி எதுவும் கைமாறக் கூடாது. இதனால் இழப்பீடு சில நாள்கள் தாமதமாகலாம். ஏல விலையும் சற்றுக் குறையலாம். நீதிமன்றப் படியேறும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிதே.