ஏட்டுச் சுரைக்காயும் கட்டியின் புரதமும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியைப் புற்றுநோய் ஆய்வுக்கூடங்களின் வாசலில் எழுதி வைக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. காரணம் சொல்லியாக வேண்டும்.

நரம்பு முனை வெளியிடும் நார்அட்ரினலின், தன் வேலை முடிந்ததும் பெருமளவு அந்த நரம்புக்குள்ளேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது. இதைக் கண்டறிந்த ஜூலியஸ் ஆக்செல்ராட் 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உறிஞ்சும் பணியைச் செய்வது செல்லின் மேற்பரப்பில் வாயிற்காவலனைப் போல் நிற்கும் ஒரு கடத்திப் புரதம். சிறு குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய், பரிவு நரம்புகளாக வளர வேண்டிய செல்களிலிருந்து பிறப்பது. ஆகவே அக்கட்டிகளிலும் பெரும்பாலும் இப்புரதம் உண்டு. நார்அட்ரினலினை ஒத்த எம்.ஐ.பி.ஜி. என்னும் பொருளில் கதிரியக்க அயோடினை ஏற்றிச் செலுத்தினால், புற்றுச்செல்கள் அதை உள்ளிழுத்துத் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கின்றன. படம் பிடிக்க அயோடின்-123. கதிரால் அழிக்க அயோடின்-131. பத்தில் ஏறக்குறைய ஒன்பது கட்டிகள் இவ்வாறு உறிஞ்சுகின்றன. எஞ்சிய ஒன்றைச் சுமக்கும் குழந்தைக்கு இவ்வழி அடைபட்டதே.

இன்று, மரபணுக்கள் எவ்வளவு ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன என்று கணக்கிட்டு, 'உறிஞ்சும் பாதை இயங்குகிறது' எனக் கணினி வழியே தீர்ப்பெழுதுவது பெருவழக்காகிவிட்டது. படியெடுத்த குறிப்பு வேறு, ஆக்கிய புரதம் வேறு. பெருங்குடல், மலக்குடல் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், ஆர்.என்.ஏ. அளவைக் கொண்டு கட்டிக்குக் கட்டி மாறும் புரத அளவை நம்பகமாகச் சொல்ல இயலாது என்று 2014இல் காட்டினர். புரதமே உருவானாலும், அது மேற்பரப்பை அடையாமல் செல்லுக்குள் தங்கிவிட்டால் வாயில் திறப்பதில்லை.

மரபணுக் கணக்கு வீண் என்று நாம் வாதிடவில்லை. எங்கே தேடலாம் என்பதை அது சுட்டுகிறது. தேடிக் கண்டதாகவே அதைக் கொள்வதுதான் பிழை. நியூரோபிளாஸ்டோமாவில் உறிஞ்சுதலைக் கண்ணாலேயே பார்க்க வழியிருக்கிறது. அத்தகைய வழியில்லாத புற்றுகளில்தான் ஏட்டை நம்பிவிடும் ஆசை மிகுகிறது. அங்கே புரதத்தின் அளவையும், அது நிற்கும் இடத்தையும், அதன் செயலையும் அளந்த பின்னரே 'பாதை இயங்குகிறது' என்னும் சொல்லை எழுத வேண்டும் என்பதே நம் கருத்து. அச்சொல்லை நம்பி மருந்துக்குக் காத்திருப்பவர் நோயாளி அல்லவா?